கடைசி ஐந்து நிமிடம்: பயிற்சியாளர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

நம் அணி முன்னிலையில் இருக்கிறது. பந்து நம் கையில். எதிரணியிடம் ஒரு டைம்-அவுட்கூட மிச்சமில்லை. கடிகாரத்தில் இருப்பது அரை நிமிடம். அமெரிக்கன் ஃபுட்பாலின் விதிகளை அறிந்த யாரைக் கேட்டாலும், இந்த நிலையிலிருந்து தோற்க வழியே இல்லை என்பார்கள். ஆனாலும் தோற்றிருக்கிறார்கள். 1978இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் தோற்றது. 2023இல் மயாமி பல்கலைக்கழக அணி தோற்றது. இரண்டு ஆட்டத்திலும் காணொளியைப் பார்ப்பவர் கண்ணில் நிற்பது பந்தை நழுவவிட்ட ஆட்டக்காரர்தான். என்னைக் கேட்டால் அந்தத் தோல்விகளுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. அந்த நேரத்தில் பந்தை எடுத்துக்கொண்டு யாரும் ஓடியிருக்கவே கூடாது. கடைசி நிமிடங்களின் தோல்விகளில் பெரும்பகுதி பயிற்சியாளர் நிற்கும் ஓரக்கோட்டில்தான் தொடங்குகிறது.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காகக் கடிகாரக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் 60 நிமிடம். 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு, அதாவது நான்கு டவுன். பந்துடன் ஓடுபவர் மைதானத்துக்குள்ளேயே மடக்கப்பட்டால் கடிகாரம் நிற்காது. வீசிய பந்து யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தால் நின்றுவிடும். தொழில்முறை லீக்கான என்எஃப்எல் ஆட்டங்களின் கடைசி 5 நிமிடத்தில், பந்தோடு ஓரக்கோட்டைத் தாண்டி வெளியேறினாலும் நிற்கும். கடிகாரத்தை நிறுத்த ஒரு பாதிக்கு ஒவ்வோர் அணிக்கும் 3 டைம்-அவுட். என்எஃப்எல் ஆட்டங்களில் 2 நிமிடம் இருக்கும்போது கட்டாய நிறுத்தம் ஒன்று உண்டு. ஒரு பிளே, அதாவது ஒரு வாய்ப்புக்கான ஆட்டம், முடிந்து அடுத்ததைத் தொடங்க 40 வினாடி அவகாசம். பந்தை வீசும் பொறுப்புள்ள குவாட்டர்பேக் அதை வாங்கியதும் மண்டியிட்டால் அந்த பிளே அத்தோடு முடிந்தது, கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எதிரணியிடம் டைம்-அவுட் இல்லையென்றால், 2 நிமிடம் மிச்சமிருக்கையில் முதல் டவுன் கிடைத்தாலே போதும். மூன்று முறை மண்டியிட்டு ஆட்டத்தை முடித்துவிடலாம்.

செய்யக்கூடாதவை

மண்டியிட்டு முடிக்கக்கூடிய ஆட்டத்தில் பந்தை ஓடக் கொடுக்காதீர்கள். 1978 நவம்பர் 19. ஜயன்ட்ஸ் 17, ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 12. மிச்சம் 31 வினாடி, ஈகிள்ஸிடம் டைம்-அவுட் இல்லை. மண்டியிடச் சொல்லவேண்டிய இடத்தில், தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பான உதவிப் பயிற்சியாளர் பாப் கிப்சன், லாரி சாங்காவிடம் பந்தைக் கொடுத்து ஓடவைக்கும் பிளேயை அனுப்பினார். குவாட்டர்பேக் ஜோ பிசார்சிக் நீட்டிய பந்து சரியாகக் கைமாறவில்லை. அது தரையில் துள்ளியது. ஈகிள்ஸின் ஹெர்மன் எட்வர்ட்ஸ் அதை அள்ளிக்கொண்டு 26 யார்டு ஓடி, கோல் கோட்டைத் தாண்டி டச்டவுன் அடித்தார். 19-17. மறுநாளே கிப்சன் வேலையிழந்தார். அந்த ஆட்டத்துக்குப் பிறகுதான், மண்டியிடும் குவாட்டர்பேக்கின் பக்கத்தில் இருவரையும் பின்னால் தள்ளி ஒருவரையும் காவலுக்கு நிறுத்தும் அணிவகுப்பு எல்லா அணிகளுக்கும் வழக்கமானது.

இத்தனை பெரிய பாடம் கண்முன் இருந்தும், 2023 அக்டோபர் 7 அன்று மயாமி அதே குழியில் விழுந்தது. ஜார்ஜியா டெக்குக்கு எதிராக 20-17 என முன்னிலை. அரை நிமிடத்துக்குச் சற்று அதிகமாக மிச்சம். எதிரணியிடம் டைம்-அவுட் இல்லை. ஒரே ஒரு முறை மண்டியிட்டால் முடிந்தது. தலைமைப் பயிற்சியாளர் மரியோ கிறிஸ்டோபல் ஓடவிட்டார். 26 வினாடி இருக்கும்போது பந்து நழுவியது. ஜார்ஜியா டெக் நான்கே பிளேயில் மைதானத்தைக் கடந்து, 1 வினாடி மிச்சமிருக்க டச்டவுன் அடித்து 23-20 என வென்றது. மண்டியிட்டிருக்க வேண்டும் என்று கிறிஸ்டோபல் ஆட்டம் முடிந்ததும் ஒப்புக்கொண்டார். ஆனால் 2018இல் ஒரிகன் அணிக்கு அவர் பயிற்சியாளராக இருந்தபோதும் ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக முன்னிலையில் இருந்த கடைசி நிமிடத்தில் இப்படித்தான் ஓடவிட்டு, பந்து நழுவி, கூடுதல் நேரத்தில் தோற்றிருந்தார். ஒரு முறை நடந்தால் பதற்றம் என்று விடலாம். இரண்டாம் முறையும் நடந்தால் அது பழக்கம். அதற்கு விலை கொடுப்பவர்கள் இருபது வயது மாணவர்கள் என்பதால்தான் இது எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

பெரிய முன்னிலை கிடைத்த பிறகும், அதைக் கொண்டுவந்த அதே வேகத்தில் ஆடாதீர்கள். 2017 பிப்ரவரி 5, ஹூஸ்டன், என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான 51ஆவது சூப்பர் பவுல். மூன்றாம் கால்பகுதியில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28, நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 3. கடைசிக் கால்பகுதியில் அது 28-20 ஆகச் சுருங்கியிருந்தது. அப்போது ஃபால்கன்ஸின் ஜூலியோ ஜோன்ஸ் ஓரக்கோட்டில் கால்விரல்களை உள்ளே ஊன்றி, உடலை வெளியே நீட்டி ஒரு பந்தைப் பிடித்தார். அந்த விளையாட்டில் நான் பார்த்த மிக அழகான பிடிப்புகளில் அது ஒன்று. பந்து எதிரணியின் 22 யார்டு கோட்டில். மிச்சம் 4 நிமிடம் 40 வினாடி. அங்கிருந்து பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து ஃபீல்டு கோல் அடிக்க 40 யார்டு தூரம்தான். உதைப்பவர் மாட் பிரையன்ட், அனுபவசாலி. அடித்தால் 31-20, பேட்ரியாட்ஸ் இரண்டு முறை புள்ளி எடுத்தாக வேண்டும். மூன்று டவுனும் ஓடினால் ஒன்று நேரம் கரையும், அல்லது எதிரணியின் டைம்-அவுட்கள் தீரும். எப்படிப் போனாலும் லாபம்.

நடந்தது என்ன? முதல் டவுனில் ஓடி 1 யார்டு இழப்பு. அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. இரண்டாம் டவுனில், தாக்குதல் ஆட்டத்தை நடத்திய உதவிப் பயிற்சியாளர் கைல் ஷனஹன் பாஸ் அழைத்தார். பந்தை வீச இடம் தேடிப் பின்வாங்கிய குவாட்டர்பேக் மாட் ரயனை பேட்ரியாட்ஸின் ட்ரே ஃபிளவர்ஸ் வீழ்த்தினார். 12 யார்டு போச்சு. அடுத்து எதிராளியைப் பிடித்து நிறுத்திய குற்றத்துக்காக 10 யார்டு தண்டனை. 22இல் இருந்த பந்து 45க்கு வந்துவிட்டது. ஃபீல்டு கோல் எட்டாத தூரம். பன்ட் அடித்து, அதாவது தூர உதைத்து, பந்தை ஒப்படைத்தார்கள். பேட்ரியாட்ஸின் குவாட்டர்பேக் டாம் பிரேடி சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் பேட்ரியாட்ஸ் 34-28 என வென்றது. பிரேடியின் திறமையைப் பேசுவோர் பேசட்டும், அது உண்மைதான். ஆனால் அந்த இரண்டாம் டவுன் பாஸ் அழைக்கப்படாமல் இருந்திருந்தால் அந்தத் திறமைக்கு நேரமே கிடைத்திருக்காது. ஷனஹனைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் தலைமைப் பயிற்சியாளர் டான் க்வினுக்கு இருந்தது. அவர் தடுக்கவில்லை. அவருக்கும் இதில் சம பங்கு.

டைம்-அவுட்டைச் செலவழிக்காமல் தோற்காதீர்கள். 2024 நவம்பர் 28, நன்றி நவிலும் நாள் ஆட்டம். டெட்ராய்ட் லயன்ஸிடம் 23-20 எனப் பின்தங்கிய சிகாகோ பேர்ஸ், ஃபீல்டு கோலுக்கு முயலும் தூரத்தை நெருங்கியிருந்தது. குவாட்டர்பேக் கேலெப் வில்லியம்ஸ் வீழ்த்தப்பட்டபோது 30 வினாடிக்கு மேல் மிச்சம், ஒரு டைம்-அவுட்டும் இருந்தது. யாரும் கேட்கவில்லை. ஆட்டக்காரர்கள் வரிசைக்கு வந்து நின்று அடுத்த பிளே தொடங்கியபோது 6 வினாடி. வீசிய பந்து தரையில் விழுந்தது, ஆட்டமும் முடிந்தது. மறுநாள் தலைமைப் பயிற்சியாளர் மாட் எபர்ஃப்ளூஸ் நீக்கப்பட்டார். பருவத்தின் நடுவில் தலைமைப் பயிற்சியாளரை நீக்குவது பேர்ஸ் வரலாற்றில் அதுவே முதல் முறை.

2022 செப்டம்பர் 12 அன்று டென்வர் பிரான்கோஸ் செய்தது இதைவிடவும் புரியாத செயல். சியாட்டிலில் 17-16 எனப் பின்தங்கியிருந்தார்கள். கையில் மூன்று டைம்-அவுட், ஒரு நிமிடத்துக்கு மேல் நேரம், நான்காம் டவுனில் வேண்டியது 5 யார்டு. பெரும் விலை கொடுத்து வாங்கிய குவாட்டர்பேக் ரசல் வில்சனை ஆடவிடாமல், நேரத்தை 20 வினாடி வரை ஓடவிட்டு, 64 யார்டு தூரத்து ஃபீல்டு கோலுக்கு உதைக்க அனுப்பினார் தலைமைப் பயிற்சியாளர் நதானியல் ஹாக்கெட். என்எஃப்எல்லின் அன்றைய சாதனையே 66 யார்டுதான். பந்து வெளியே போனது. 64 யார்டு உதையைவிட 5 யார்டு பாஸ் பல மடங்கு எளிது.

டைம்-அவுட் கையில் இல்லாதபோது மைதானத்தின் நடுவில் குவாட்டர்பேக்கை ஓடவிடாதீர்கள். 2022 ஜனவரி 16இல் டல்லஸ் கவ்பாய்ஸ் 14 வினாடி இருக்க இதைச் செய்தது. டாக் பிரெஸ்காட் 17 யார்டு ஓடினார். ஆனால் நடுவர் வந்து பந்தைத் தொட்டு வைக்காமல் அடுத்த பிளேயைத் தொடங்க முடியாது. நடுவர் ஓடிவந்து சேர்வதற்குள் நேரம் போயிற்று. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு 23-17 வெற்றி.

பின்தங்கியிருக்கும்போது நிதானம் காட்டாதீர்கள். 2005 சூப்பர் பவுலில் 10 புள்ளி பின்னால் இருந்த ஈகிள்ஸ், ஒரு டச்டவுனுக்கு ஏறத்தாழ 4 நிமிடம் எடுத்துக்கொண்டது. டச்டவுன் கிடைத்தது, அடுத்ததற்கு நேரம் கிடைக்கவில்லை.

செய்ய வேண்டியவை

கணக்கை வாரநாளிலேயே போட்டு முடியுங்கள். எதிரணியிடம் இத்தனை டைம்-அவுட் இருந்தால், இத்தனை வினாடியிலிருந்து மண்டியிடலாம் என்பது மாறாத கணக்கு. ஓர் அட்டையில் எழுதி வைத்துவிடலாம். எழுபதாயிரம் பேர் கத்தும் இடத்தில், காதில் மூன்று பேர் பேசிக்கொண்டிருக்கும்போது, மனக்கணக்குப் போட்டுப் பார்க்கும் அவசியம் யாருக்கும் இல்லை. அந்த அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஓர் உதவியாளரை நியமியுங்கள். அவர் சொன்னால் கேளுங்கள். சியாட்டில் தோல்விக்குப் பிறகு ஹாக்கெட்டும் ஜெர்ரி ராஸ்பர்க் என்ற அனுபவசாலியை இதற்காகவே அழைத்துக்கொண்டார். பருவம் தொடங்கிய பின் செய்த அந்த வேலையைத் தொடங்கும் முன்பே செய்திருக்கலாம். டிசம்பர் முடிவதற்குள் ஹாக்கெட்டின் பதவியும் போயிற்று.

டச்டவுன் அடிக்காமல் நிற்கவும் ஆட்டக்காரருக்குப் பயிற்சி கொடுங்கள். சிறு வயது முதல் கோல் கோட்டைத் தாண்டவே பழகியவரைத் தாண்டாமல் இருக்கச் சொல்வது சாதாரண விஷயமில்லை. 2020 அக்டோபரில் ஃபால்கன்ஸ் லயன்ஸிடம் 16-14 எனப் பின்தங்கியிருந்தபோது, ஃபீல்டு கோலே போதும் என்று தெரிந்தும் டாட் கர்லியால் கோட்டுக்கு முன் நிற்க முடியவில்லை. வந்த வேகத்தில் உள்ளே விழுந்தார். லயன்ஸுக்கு ஒரு நிமிடம் கிடைத்தது, அதில் 23-22 என வென்றது. மாறாக 2023 சூப்பர் பவுலில் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸின் ஜெரிக் மெக்கின்னன், வழி திறந்து கிடந்தும் கோட்டுக்கு முன் தானாகச் சறுக்கி அமர்ந்தார். சீஃப்ஸ் நேரத்தைக் கரைத்துவிட்டு, 8 வினாடி இருக்க ஃபீல்டு கோல் அடித்து 38-35 என வென்றது. உலகமே பார்க்கும் மேடையில், தன் பேரில் எழுதப்படவிருந்த டச்டவுனை அவர் வேண்டாம் என்று விட்டார். இதற்கு இன்னும் அதிகப் பாராட்டு கிடைத்திருக்க வேண்டும்.

உதைத்துத் தொடங்கும்போது எதிரணியைச் சில வினாடிகளையாவது செலவழிக்க வையுங்கள். 2022 ஜனவரியில் சீஃப்ஸுக்கு எதிராகப் பஃபலோ பில்ஸ் 36-33 என முந்தியதும் மிச்சம் 13 வினாடி. பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் உதைத்தார்கள், கடிகாரம் அசையவில்லை. சீஃப்ஸ் இரண்டே பாஸில் ஃபீல்டு கோல் தூரத்தை எட்டிச் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் வென்றது.

டவுனையும் வினாடியையும் சேர்த்தே எண்ணுங்கள். 2015 சூப்பர் பவுல் பற்றி ஊரெல்லாம் சொல்லும் தீர்ப்போடு நான் முழுவதும் உடன்படவில்லை. சியாட்டில் சீஹாக்ஸ் பேட்ரியாட்ஸிடம் 28-24 எனப் பின்னால், எதிரணியின் 1 யார்டு கோட்டில் இரண்டாம் டவுன், 26 வினாடி, ஒரே டைம்-அவுட். மார்ஷான் லின்ச் போன்ற முரட்டு ஓட்டக்காரர் இருக்கும்போது பாஸ் ஏன் என்று கேட்கிறார்கள். மிச்சமிருந்த மூன்று டவுனிலும் ஓடுவதற்கு அந்த நேரமும் அந்த ஒரு டைம்-அவுட்டும் போதாது. மூன்று வாய்ப்பையும் பயன்படுத்த வேண்டுமென்றால் ஏதாவது ஒன்று பாஸாக இருந்தே தீரவேண்டும். சிக்காத பாஸ் கடிகாரத்தைத் தானே நிறுத்தும். ஆக, பாஸ் என்ற முடிவு சரி. எந்த பாஸ் என்பதில்தான் தலைமைப் பயிற்சியாளர் பீட் கேரலும் தாக்குதல் ஆட்டத்தை நடத்திய டாரல் பெவலும் தவறினார்கள். ஆட்கள் நெருக்கியடித்து நிற்கும் நடுப்பகுதிக்கு அந்தப் பந்து போயிருக்கக்கூடாது. அப்போது சீஹாக்ஸின் குவாட்டர்பேக்காக இருந்த ரசல் வில்சனை ஓரத்துக்கு ஓடவைத்து, ஆள் கிடைக்காவிட்டால் பந்தை வெளியே எறிந்துவிடச் சொல்லியிருக்கலாம். நடுவில் போன அந்தப் பந்தைப் பேட்ரியாட்ஸின் மால்கம் பட்லர் முந்திப் பாய்ந்து பிடித்தார். முதலாண்டு ஆட்டக்காரரான அவரை எந்த அணியும் டிராஃப்ட் எனும் ஆட்டக்காரர் தேர்வில் எடுத்திருக்கவில்லை. அதற்கு முன்பே சீஹாக்ஸ் இன்னொன்றையும் இழந்திருந்தது. முந்தைய பிளே முடிந்தபோது ஒரு நிமிடம் அளவுக்கு நேரம் இருந்தது. அது 26 வினாடியாகக் கரையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேட்ரியாட்ஸின் பில் பெலிச்செக்கும் டைம்-அவுட் கேட்காமல் அந்த நெருக்கடியை அப்படியே விட்டுவைத்தார்.

சூப்பர் பவுல் இந்தியாவில் திங்கள்கிழமை காலை 5 மணியளவில் தொடங்குகிறது. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்க்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். திரையில் அணியின் பெயரை ஒட்டிச் சிறு கோடுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு டைம்-அவுட், செலவானால் அணைந்துவிடும். கடைசிக் கால்பகுதியில் பந்தைப் பார்ப்பதோடு அந்தக் கோடுகளையும் எண்ணிக்கொண்டே பாருங்கள். ஆட்டம் கைநழுவினால், ஆட்டக்காரரைத் திட்டுவதற்கு முன் அந்த பிளேயை அழைத்தவர் யார் என்று கேளுங்கள்.