பஞ்சாயத்து சேதி போனில் வந்தால் போதுமா?



ஊருக்கு ஒரு சேதி சொல்லணும்னா முன்பெல்லாம் தண்டோரா போடுவார்கள். ஒருவர் தோளில் பறையை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடக்க வேண்டும். மனிதரைத் தாழ்வாக நடத்தும் இந்த வழக்கம் வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னால் போதும் என்று 2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். இன்று பல ஊராட்சிகளில் ஒலிபெருக்கியோடு வாட்ஸ்அப் குரூப்பும் சேர்ந்துவிட்டது. "குரூப்பிலே போட்டாச்சே, பார்க்கலையா?" என்று கேட்கிறார்கள். போட்டால் மட்டும் போதுமா? இந்த மாதப் பாடத்தில் இதைப் பார்ப்போம்.

என்ன நன்மை?

தண்ணீர் எப்போது வரும், மருத்துவ முகாம் எங்கே, கிராம சபை என்றைக்கு என்பதெல்லாம் ஒரு நிமிடத்தில் ஊருக்குத் தெரிந்துவிடும். பேரிடர் நேரத்தில் உயிரையே காப்பாற்றும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும், 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்திலும், யார் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், எங்கே படகு வேண்டும் என்ற விவரங்கள் ட்விட்டர், பேஸ்புக், வாட்ஸ்அப் வழியாகத்தான் வேகமாகப் பரவின.

யாருக்குப் போய்ச் சேரவில்லை?

2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் இணையத்தை ஒரு தடவையாவது பயன்படுத்திய ஆண்கள் 100க்கு 57 பேர். பெண்கள் 33 பேர்தான். அதற்குப் பிறகு நிலைமை மாறி வருகிறது. ஆனாலும் பல வீடுகளில் பெரிய போன் கணவர் கையிலோ மகன் கையிலோதான் இருக்கிறது. அவர் வேலைக்குப் போனால் சேதியும் அவரோடு போய்விடும். குழாயடியில் குடத்தோடு நிற்பது யார்? நாம்தானே! வயதான பெண்கள், படிக்கத் தெரியாதவர்கள், ஊருக்கு ஒதுக்குப்புறமான தெருக்களில் இருப்பவர்கள் ஆகியோரின் நம்பர் அந்தக் குரூப்பிலே இருக்கா என்று யாராவது பார்த்தார்களா?

வதந்தி வந்தால்?

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த வயதான ஒரு பெண்மணியைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து அடித்தே கொன்றுவிட்டார்கள். காரணம், வாட்ஸ்அப்பில் சுற்றிய பொய்ச் சேதி. இதுபோல நாட்டின் பல இடங்களில் நடந்த பிறகு, 2018 ஜூலையில், ஒரு சேதியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ ஐந்து குரூப்புக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு போட்டது.

ஆனால் கட்டுப்பாடு மட்டும் உயிரைக் காக்காது. சந்தேகம் வந்த உடனே கேட்க ஒரு இடம் வேண்டும். "காவல் நிலையத்தில் விசாரித்தோம், அது பொய். யாரும் நம்ப வேண்டாம்" என்று பஞ்சாயத்து உடனே பதில் போட்டால் ஊர் அடங்கும். எப்போதும் சரியான சேதி சொல்லும் பஞ்சாயத்தின் பேச்சைத்தான் ஆபத்து நேரத்தில் மக்கள் நம்புவார்கள்.

சேதி எப்படி இருக்க வேண்டும்?

"தண்ணீர் வராது" என்று போட்டால் யாருக்கு என்ன புரியும்? இப்படி இருக்க வேண்டும்: "மோட்டார் பழுது. நாளை செவ்வாய்க்கிழமை கிழக்குத் தெருவுக்கும் பள்ளிக்கூடத் தெருவுக்கும் தண்ணீர் வராது. காலை 8 மணிக்கு லாரி வரும். புதன்கிழமை மோட்டார் சரியாகிவிடும். சந்தேகம் இருந்தால் ஊராட்சி செயலரைக் கேட்கவும்." காரணம், இடம், நேரம், மாற்று ஏற்பாடு, கேட்க வேண்டிய ஆள் ஆகிய ஐந்தும் இதில் இருக்கிறது. இதையே குரலில் பதிவு செய்து அனுப்பினால் படிக்கத் தெரியாதவர்களுக்கும் உதவும்.

நாம் பஞ்சாயத்தைக் கேட்க வேண்டியவை

1. குரூப்பை ஊராட்சியின் பெயரில் உள்ள நம்பரில் நடத்த வேண்டும். தனி ஆள் நம்பரில் இருந்தால், பதவி முடிந்ததும் குரூப்பும் அவரோடு போய்விடும். 2025 ஜனவரியில் பல மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். யார் வந்தாலும் சேதி நிற்கக் கூடாது.

2. பெண்களின் நம்பர் எல்லார் கண்ணிலும் படக் கூடாது. குரூப்பில் இருப்பவர்கள் மற்றவர் நம்பரைப் பார்க்கலாம். வாட்ஸ்அப் சேனலில் சேர்ந்தால் உடன் சேர்ந்தவர்களுக்கு நம் நம்பர் தெரியாது. அதில் நாம் பதில் போட முடியாது என்பதால், புகார் சொல்லத் தனியாக ஒரு நம்பர் வேண்டும்.

3. புகாருக்கு இத்தனை நாளில் பதில் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். கேட்கிற காது இல்லாத வாய் எதற்கு?

4. போனில் போட்ட சேதியை அறிவிப்புப் பலகையிலும் எழுத வேண்டும், ஒலிபெருக்கியிலும் சொல்ல வேண்டும்.

நம் பங்கு

ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் போட்டோவை எந்தக் குரூப்பிலும் போடாதீங்க. யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லாதீங்க. யார் அனுப்பியது என்று தெரியாத சேதியை அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீங்க. முக்கியமான புகாரை மனுவாக எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்க.

போனில் எவ்வளவு பேசினாலும் தீர்மானம் போடுகிற இடம் கிராம சபைதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களையும் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். "நம் ஊராட்சி சேதி எல்லா வீட்டுக்கும் சேர வேண்டும்" என்பதையே அடுத்த கிராம சபையில் ஒரு தீர்மானமாகக் கொண்டு போவோம்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

• நம் குழுவில் பஞ்சாயத்து சேதி நேரடியாக யார் யாருக்கு வருகிறது? வராதவர்கள் எத்தனை பேர்?
• போன் இல்லாத உறுப்பினருக்குச் சேதி சொல்லும் பொறுப்பைத் தெருவுக்கு ஒருவராக யார் எடுத்துக்கொள்வது?
• கடந்த மாதம் வந்த சேதிகளில் எது பொய்? அதை எப்படிக் கண்டுபிடித்தோம்?