ஆயிரம் அடி இடைவெளி

ரயிலுக்குத் தண்டவாளம் இருக்கிறது. பேருந்துக்குச் சாலை இருக்கிறது. விமானத்துக்கு வழி எங்கே இருக்கிறது?

வானத்திலும் வழி உண்டு. அது நம் கண்ணுக்குத் தெரியாது. எந்தப் பக்கம் போக வேண்டும், எத்தனை அடி உயரத்தில் பறக்க வேண்டும் என்று தரையில் இருக்கும் கட்டுப்பாட்டு அதிகாரி ரேடியோவில் சொல்வார். விமானத்தில் இருப்பவர் அதைக் கேட்டு, அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகக் காதில் விழுந்ததா என்று அறிய இது ஒரு வழி.

ஒரே வழியில் இரண்டு விமானங்கள் எதிரும் புதிருமாக வந்தால் என்ன செய்வார்கள்? ஒன்றை மேலேயும் மற்றொன்றைக் கீழேயும் அனுப்புவார்கள். நடுவில் 1,000 அடி இடைவெளி விடுவார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 200 அடிக்குச் சற்று மேல். (அந்தக் கோபுரத்துக்கும் விமானம் என்றுதான் பெயர்!) அதைப் போல ஐந்தை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு உயரம் வருமோ, கிட்டத்தட்ட அவ்வளவு இடைவெளி.

1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி. மாலை ஆறரை மணி. டெல்லி விமான நிலையத்திலிருந்து சவுதி அரேபிய விமானம் ஒன்று கிளம்பியது. அதில் 312 பேர் இருந்தார்கள். அவர்களில் பலர் பிழைப்புக்காக வெளிநாடு போன நம் நாட்டுத் தொழிலாளர்கள். வீட்டில் சொல்லிக்கொண்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டவர்கள்.

அதே நேரத்தில் கஜகஸ்தான் நாட்டு விமானம் ஒன்று டெல்லியில் இறங்க வந்துகொண்டிருந்தது. அதில் 37 பேர். டெல்லிக்கு வருவதற்கும் டெல்லியிலிருந்து போவதற்கும் அப்போது ஒரே வான்வழிதான் இருந்தது. மற்ற வான்பகுதியில் பெரும்பகுதி விமானப்படையின் வசம் இருந்தது.

அதிகாரி சவுதி விமானத்தை 14,000 அடியில் பறக்கச் சொன்னார். கஜகஸ்தான் விமானத்தை 15,000 அடியில் இருக்கச் சொன்னார். எதிரே ஒரு விமானம் வருகிறது என்றும் அதற்கு எச்சரித்தார். அந்த விமானத்தில் அதிகாரியோடு பேசியவர் ரேடியோ இயக்குபவர். உயரத்தைக் காட்டும் கருவி விமானிகளுக்கு முன்னால்தான் இருந்தது. அவருக்கு முன்னால் இல்லை. விமானிகளுக்கோ ஆங்கிலம் போதுமான அளவு தெரியாது. விமானம் 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கியது.

தரையில் இருந்த அதிகாரி இதைப் பார்க்கவில்லையா? அவருடைய ரேடாரில் விமானம் ஒரு புள்ளியாகத் தெரியும். எங்கே இருக்கிறது என்று தெரியும். எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரியாது. உயரத்தையும் காட்டும் ரேடார் அன்று அங்கே பயன்பாட்டில் இல்லை.

அரியானா மாநிலத்தில் சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே இரண்டும் மோதின. எரிந்த துண்டுகள் வயல்களில் விழுந்தன. 349 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நடுவானில் விமானங்கள் மோதிய விபத்துகளில் உலகிலேயே அதிகம் பேரைப் பலி கொண்டது இதுதான்.

மத்திய அரசு விசாரணைக்கு ஏற்பாடு செய்தது. டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.சி. லகோட்டி விசாரித்தார். விமானங்களின் கருப்புப் பெட்டிகளில் பதிவான பேச்சைக் கேட்டார்கள். சொன்ன உயரத்தை விட்டுக் கஜகஸ்தான் விமானம் இறங்கியதே காரணம் என்று முடிவு செய்தார்கள்.

அவர்கள் அதோடு நிறுத்தவில்லை. தவறு செய்த விமானியும் இறந்துபோனார். அவரைக் குறை சொல்வதால் மட்டும் அடுத்த விபத்தைத் தடுக்க முடியாது. மனிதர் தவறினாலும் விபத்து நடக்காமல் இருக்க என்ன செய்யலாம்? வருவதற்கு ஒரு வழி, போவதற்கு வேறு வழி வேண்டும். உயரம் காட்டும் ரேடார் வேண்டும். மோதலைத் தடுக்கும் கருவி எல்லா விமானத்திலும் வேண்டும். இவை பிறகு நடைமுறைக்கு வந்தன.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது? ஒரு விமானத்தின் கருவி மற்ற விமானத்தின் கருவியோடு தானாகவே பேசும். மோதும் ஆபத்து இருந்தால் ஒரு விமானியிடம் 'ஏறு' என்று குரல் கொடுக்கும். மற்றவரிடம் 'இறங்கு' என்று சொல்லும்.

ஆனால் கருவி இருந்தால் மட்டும் போதாது. 2002ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி, ஜெர்மனியில் இரண்டு விமானங்கள் நெருங்கின. இரண்டிலும் கருவி இருந்தது. ஒரு விமானத்துக்குக் கருவி 'ஏறு' என்றது. தரையில் இருந்த அதிகாரி 'இறங்கு' என்றார். விமானி அதிகாரியின் பேச்சைக் கேட்டு இறங்கினார். மற்ற விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கியது. மோதலில் 71 பேர் இறந்தார்கள். பலர் பள்ளிப் பிள்ளைகள். கருவி ஒன்று சொல்லி, அதிகாரி வேறொன்று சொன்னால், விமானி கருவி சொல்வதைத்தான் கேட்க வேண்டும் என்ற விதி அதன் பிறகு தெளிவாக்கப்பட்டது.

மொழிக்கும் விதி வந்தது. வெளிநாட்டுக்குப் பறக்கும் விமானிகள் ஆங்கிலத்தில் பேசவும் புரிந்துகொள்ளவும் தேர்ச்சி காட்ட வேண்டும். உலக விமானப் போக்குவரத்து அமைப்பின் இந்த விதி 2008 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது.

கலந்து பேசுங்கள்: உங்கள் ஊரில் ரயில்வே கேட், படகுத்துறை, குறுகிய பாலம் எது இருக்கிறது? அங்கே ஒருவர் தவறினால் விபத்தைத் தடுக்க வேறு என்ன ஏற்பாடு இருக்கிறது?