ஆஸ்பத்திரியில் ஒரு பிரஷர்... வீட்டில் ஒரு பிரஷரா?

இரும்புலியூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷன். அங்கிருந்து மின்சார ரயிலில் பீச் வரைக்கும். மாலையில் அதே கூட்டத்தில் திரும்பி, போகிற வழியில் டாக்டரிடம் ஓர் எட்டு. மூச்சு வாங்க உட்கார்ந்ததுமே பிரஷர் பார்க்கிறார்கள். 160/100! உங்களுக்குத் திக்கென்கிறது. "அப்பவே சொன்னேன், ஊறுகாயைத் தொடாதீங்கன்னு!" என்கிறார் வீட்டுக்காரம்மா.

கொஞ்சம் பொறுங்கள். ரத்த அழுத்தம் உயரம் மாதிரி ஒரே அளவில் நிற்பதில்லை. இதயம் சுருங்கும்போது ரத்தக் குழாயில் இருக்கும் அழுத்தம் மேல் எண். விரியும்போது இருப்பது கீழ் எண். நடந்தால், பேசினால், பயந்தால் இரண்டும் ஏறும். நன்றாகத் தூங்கினால் இறங்கும்.

டாக்டரைப் பார்த்தாலே சிலருக்கு பிரஷர் எகிறும். வீட்டில் நார்மல்! இதற்கு 'வெள்ளைக் கோட்டு ரத்த அழுத்தம்' என்று பெயர். இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. டாக்டரிடம் நார்மல், அன்றாட வாழ்க்கையில் அதிகம். 'மறைந்திருக்கும் ரத்த அழுத்தம்' என்கிற இதுதான் ஆபத்தானது. "எனக்கு ஒண்ணுமில்லை" என்று நாம் நிம்மதியாக இருக்க, இதயமும் மூளையும் சிறுநீரகமும் சத்தமில்லாமல் பாதிக்கப்படும்.

அதனால்தான் வீட்டில் அளந்து பார்ப்பது அவசியம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வந்தே பிரஷர் பார்த்து மாத்திரையும் தந்தார்கள். நீங்களே அளப்பதும் கஷ்டமில்லை.

எப்படி அளப்பது?

1. மேற்கையில் கட்டும் டிஜிட்டல் மெஷின் நல்லது. மணிக்கட்டில் கட்டுவது அவ்வளவு துல்லியம் இல்லை. பட்டை உங்கள் கைக்குப் பொருந்த வேண்டும். சின்னதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும்.

2. அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி, சிகரெட், நடைப்பயிற்சி வேண்டாம். சிறுநீரை அடக்கிக்கொண்டும் உட்காராதீர்கள்.

3. முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல், பாதம் தரையில் பட 5 நிமிடம் அமைதியாக இருங்கள். கை மேஜைமேல், இதயத்தின் உயரத்தில் இருக்கட்டும். பட்டை சட்டைக்கு மேல் வேண்டாம். அளக்கும்போது பேச்சும் கூடாது, சீரியலும் கூடாது!

4. காலையில் மாத்திரைக்கும் டிபனுக்கும் முன் 2 முறை, மாலையில் 2 முறை. ஒவ்வொன்றுக்கும் 1 நிமிட இடைவெளி. இப்படி 7 நாட்கள்.

5. நல்ல எண்ணை மட்டும் எழுதாமல் எல்லாவற்றையும் நோட்டில் தேதி, நேரத்தோடு குறியுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள்.

டாக்டரிடம் 140/90 என்பது எல்லை. வீட்டுச் சராசரிக்கு எல்லை 135/85. இரண்டில் ஓர் எண் இதைத் தொட்டாலும் நோட்டோடு டாக்டரிடம் போங்கள். சந்தேகம் இருந்தால், 24 மணி நேரமும் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் கருவியை அவர் சொல்லலாம். தூக்கத்தில் இருக்கும் பிரஷரையும் அது பதிவு செய்துவிடும்.

வாரம் முழுக்க நார்மலா? சந்தோஷம்! ஆனால் அது மாத்திரை செய்த வேலையாகவும் இருக்கலாம். "சரியாயிடுச்சே" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். பதற்றத்தில் பத்து தடவை அளக்கவும் வேண்டாம். அந்தப் பதற்றமே பிரஷரை ஏற்றும்.

180/120-ஐத் தாண்டினால் சில நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி அளந்து பாருங்கள். இறங்கவில்லையென்றால் அன்றே டாக்டரைப் பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போதல் இருந்தால் மெஷினைத் தேடாதீர்கள். உடனே 108-ஐ கூப்பிடுங்கள்.

ஊறுகாய் விஷயத்தில் மட்டும் வீட்டுக்காரம்மா சொல்வது சரிதான். ஒரு நாளைக்கு ஒருவருக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும்!