ஊரின் மக்கள்தொகை ஏன் மாறுகிறது?

பத்தாயத்தில் நெல்லைக் கொட்டுவது வரவு. அளந்து எடுப்பது செலவு. ஊரின் மக்கள்தொகைக் கணக்கும் அத்தகையதே. பிறப்பும் குடியேற்றமும் வரவு; இறப்பும் வெளியேற்றமும் செலவு. இந்நான்கையும் ஒருங்கே நோக்கினாலன்றித் தொகை மாறியதன் காரணம் விளங்காது. தஞ்சைத் தரணியின் வரலாறே இதற்கு நல்ல பாடமாகும்.

பஞ்சமும் கப்பலும்

1876-78-ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தின் வறண்ட மாவட்டங்களில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். காவிரிப் பாசனம் பெற்ற தஞ்சை அத்துணை அழிவுக்கு ஆளாகவில்லை. எனினும், 1891-இல் சுமார் 22 இலட்சத்து 28 ஆயிரமாக இருந்த அம்மாவட்டத்தின் மக்கள்தொகை, 1901-இல் 22 இலட்சத்து 45 ஆயிரமாகவே இருந்தது. பத்தாண்டுகளில் ஆயிரத்திற்கு எட்டுப் பேர்தாம் கூடினர். நிலமற்ற உழைப்பாளர் பலர் பிழைப்பு நாடி மலேயா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளுக்குச் சென்றமை இதற்கு முக்கிய காரணம். நாகப்பட்டினம் துறைமுகம் அவர்களுக்கு வாயிலாக அமைந்தது.

நீரும் நோயும்

1934-இல் மேட்டூர் அணை நிறைவுற்றது. கல்லணைக் கால்வாய் பட்டுக்கோட்டைப் பகுதியின் மேட்டு நிலங்களுக்கும் நீர் கொணர்ந்தது. விளைச்சல் பெருகியது, ஆனால் வடிகால் இன்றித் தேங்கிய நீரில் கொசுவும் பெருகி, மலேரியா பரவியது. பால் ரசல் என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞர் 1930-களில் அங்கு ஆராய்ந்து, சீரற்ற பாசனமே நோய்க்கு ஏதுவென்று காட்டினார். வாய்க்காலைத் தூர் வாருவது பயிரை மட்டுமன்றி உயிரையும் காக்கும் பணியாகும்.

இறப்பும் பிறப்பும்

விடுதலைக்குப் பின் கொசு ஒழிப்பு, தடுப்பூசி, ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஆகியவற்றால் இறப்பு விரைந்து குறைந்தது. பிறப்பு உடனே குறையவில்லை. ஆதலின் தமிழகத்தின் தொகை 1951-இல் 3 கோடியிலிருந்து 1971-இல் 4 கோடியே 12 இலட்சமாக உயர்ந்தது. பின்னர், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கையும், பெண்கல்வியும், குடும்பநலப் பணியும் பிறப்பைக் குறைத்தன. 2019-21 ஆய்வின்படி, தமிழகத்தில் ஒரு தாய்க்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே பிறக்கின்றன. தொகை நெடுங்காலம் நிலைபெறச் சுமார் 2.1 தேவை.

இன்றைய நிலை

2001-க்கும் 2011-க்கும் இடையே மாநில மக்கள்தொகை நூற்றுக்கு 15.6 வளர்ந்தது. தஞ்சாவூரில் வளர்ச்சி 8.6, திருவாரூரில் 8.1. மாநில வளர்ச்சியில் ஏறத்தாழப் பாதியே! குறைந்த பிறப்புடன், திருப்பூருக்கும் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் இளைஞர் செல்வதும் இதற்குக் காரணம். 2011-இல் தஞ்சாவூரில் ஆயிரம் ஆண்களுக்கு 1,035 பெண்கள் இருந்தனர்.

ஊராட்சி செய்ய வேண்டுவது

2021-இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறாது தள்ளிப்போயிற்று. பழைய எண்ணைக் கொண்டே திட்டம் வகுத்தால், பிள்ளைகள் இல்லாத இடத்தில் வகுப்பறையும், முதியோர் மிகுந்த தெருவில் மருந்துக்கு வழியின்மையும் நேரும். எனவே பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்யும்படி ஊராரைத் தூண்டுக. ஊரைவிட்டுச் சென்றோர், வந்தோர், தனித்து வாழும் முதியோர் ஆகியோரை ஆண்டுக்கு ஒருமுறை தெருவாரியாகக் கணக்கிடுக. நடவுக்கு ஆள் எத்தனை, இயந்திரம் எத்தனை தேவை என்பதும் அக்கணக்கிலிருந்தே தெளிவாகும். அதனைக் கிராம சபையில் படித்துக் காட்டி, அதன்பின் வரும் ஆண்டின் பணிகளை முடிவு செய்தல் நலம்.