ஒரு கேமரா, ஒரு கம்ப்யூட்டர், ஒரு கிராமம்
வீட்டிலேயே வீடியோ எடிட்டிங்: தொடக்கப் பாடம்

கம்ப்யூட்டர் வாங்கிவிட்டீர்கள். கடிதம் டைப் செய்வது, பாட்டு கேட்பது, போட்டோக்களைச் சேமிப்பது எல்லாம் பழகிவிட்டது. அடுத்து பலரும் கேட்கும் கேள்வி இது: "இதில் படம் எடிட் செய்ய முடியுமா? அதற்கென்று ஸ்டுடியோ வேண்டாமா?"

முடியும். இதற்கு அசாமிலிருந்து ஒரு நல்ல உதாரணம் உண்டு.

கௌஹாத்தியை அடுத்த காமரூப் மாவட்டத்தில் சாய்கான் என்ற ஊர்ப்பகுதி இருக்கிறது. ரீமா தாஸ் அங்கே பிறந்தவர். திரைப்படக் கல்லூரியில் படிக்காமல், தாமாகவே படம் எடுக்கக் கற்றுக்கொண்டவர். தம் சொந்தக் கிராமத்தில், தொழில்முறை நடிகர்கள் இல்லாமல், ஊர்க் குழந்தைகளையும் உறவினர்களையும் வைத்து அவர் எடுத்த படம் "வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்". கதை, இயக்கம், தயாரிப்பு, ஒளிப்பதிவு, எடிட்டிங் எல்லாமே அவர்தான். கேனன் 5டி வகைக் கேமராவும் இயற்கை வெளிச்சமும்தான் கருவிகள். படம் முடிய மூன்று ஆண்டுகளுக்கும் மேல் ஆனது.

கதை எளிமையானது. துனு என்ற பத்து வயதுச் சிறுமிக்கு ஒரு கிடார் வாங்க ஆசை. தெர்மோகோலில் கிடார் செய்து விளையாடுகிறாள், காசு சேர்க்கிறாள். தந்தை இல்லை. தாய்தான் வயலில் உழைத்து வீட்டை நடத்துகிறார். ஆண்டுதோறும் வெள்ளம் வருகிறது, பயிர் போகிறது. மறுபடியும் விதைக்கிறார்கள். 87 நிமிடத்தில் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை நம் கண்முன் நிற்கிறது.

2017ஆம் ஆண்டு டொராண்டோ திரைப்பட விழாவில் இது திரையிடப்பட்டது. 2018ஆம் ஆண்டு வழங்கப்பட்ட 65ஆவது தேசிய விருதுகளில் சிறந்த படம், சிறந்த எடிட்டிங், சிறந்த குழந்தை நட்சத்திரம் (பனிதா தாஸ்), சிறந்த களஒலிப்பதிவு (மல்லிகா தாஸ்) என நான்கு விருதுகளைப் பெற்றது. அதே ஆண்டு ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. பணம் குறைவாக உள்ள இடத்தில் காலத்தைத்தான் முதலீடாகப் போட வேண்டும். அந்தக் காலம் முழுவதும் கடைசியில் வீடியோ பைல்களாகத்தான் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். போன வருட வெள்ளத்தை மறுபடி வரச் சொல்ல முடியாது. பத்து வயதுச் சிறுமி பதின்மூன்றான பிறகு, மீண்டும் பத்து வயதில் நடிக்க வைக்க முடியாது. எனவே எடிட்டிங்கில் முதல் பாடம் வெட்டுவதோ ஒட்டுவதோ அல்ல, பைல்களைக் காப்பதுதான்.

சரி, இப்படி ஒரு படத்தை உங்கள் கம்ப்யூட்டரில் எடிட் செய்யப் போவதாக வைத்துக்கொள்வோம்.

1. இடம் எவ்வளவு வேண்டும்?

முழு எச்.டி. படத்தின் ஒரு பிரேமில் 1920 x 1080, அதாவது 20,73,600 புள்ளிகள் இருக்கும். ஒரு புள்ளிக்கு 3 பைட் என்றால் ஒரு பிரேமுக்கே சுமார் 6 எம்.பி. நொடிக்கு 24 பிரேம் என்றால் கிட்டத்தட்ட 150 எம்.பி. இப்படியே சேமித்தால் எந்த டிஸ்க்கும் தாங்காது. அதனால் கேமரா இதைச் சுருக்கி எழுதுகிறது.

நொடிக்கு 40 மெகாபிட் வேகத்தில் எழுதும் கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே நொடிக்கு 5 எம்.பி., நிமிடத்துக்கு 300 எம்.பி., ஒரு மணி நேரத்துக்கு 18 ஜி.பி. 50 மணி நேரம் படம் பிடித்தால் 900 ஜி.பி. ஆகிவிடும். 1 டி.பி. டிஸ்க் ஏறக்குறைய நிரம்பிவிடும். 4கே அளவில் எடுத்தால் இன்னும் அதிகம். டிஸ்க் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

2. போல்டருக்குத் தேதியில் பெயர் வையுங்கள்

ஒவ்வொரு நாள் படப்பிடிப்புக்கும் தனி போல்டர் தேவை. பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். உதாரணம்: 2025-07-14-ஆற்றங்கரை. ஆண்டு முதலில் வந்தால், பெயர்வரிசையில் அடுக்கும்போதே காலவரிசையும் தானாக அமைந்துவிடும்.

"பைலிலேயே தேதி இருக்கிறதே" என்று கேட்கலாம். விண்டோஸில் ஒரு பைலை வேறு டிஸ்க்குக்கு காப்பி செய்தால், "உருவாக்கிய தேதி" என்ற இடத்தில் காப்பி செய்த தேதி வந்துவிடும். மூன்று ஆண்டு எடுத்த படத்தில் இது பெரிய சிக்கல். ஒரு காட்சியில் சிறுமி உயரமாகவும், அதைத் தொடர்ந்து வரும் காட்சியில் குள்ளமாகவும் தெரிந்தால் பார்ப்பவருக்கு உறுத்தும். எந்தக் காட்சி எப்போது எடுத்தது என்பது போல்டரின் பெயரிலேயே இருந்தால் இந்தத் தவறு நேராது.

3. இரண்டு பிரதி இல்லாமல் கார்டை அழிக்காதீர்கள்

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. உறவினர் வீட்டுக் காதுகுத்து விழாவைப் படம் பிடித்தேன். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, மெமரி கார்டை உடனே அழித்துவிட்டேன். ஒரு வாரத்தில் டிஸ்க் மேஜையிலிருந்து விழுந்தது. அன்று பாட்டி பாடிய தாலாட்டும் அதோடு போயிற்று. பாட்டியும் இப்போது இல்லை.

ஆகவே இந்த வரிசையை மாற்றாதீர்கள்:

* "கட்" செய்ய வேண்டாம். கண்ட்ரோல் + சி, கண்ட்ரோல் + வி மூலம் காப்பி மட்டும் செய்யுங்கள்.
* இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் காப்பி எடுங்கள். ஒரே டிஸ்க்கில் இரண்டு போல்டர் வைப்பது இரண்டு பிரதி ஆகாது.
* போல்டர் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். பைல்களின் எண்ணிக்கையும் அளவும் மூன்று இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்.
* சில பைல்களைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். பிறகுதான் கார்டை அழிக்கலாம்.
* முடிந்தால் ஒரு டிஸ்க்கை வேறு வீட்டில் வையுங்கள்.

ஒரு குறிப்பு: எப்.ஏ.டி.32 முறையில் பார்மட் செய்த பென் டிரைவில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட பைலை வைக்க முடியாது. அதை எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும், எனவே முதலில் அவற்றைக் காப்பி எடுத்துவிடுங்கள்.

4. மென்பொருளும் புராஜக்ட் பைலும்

விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசாஃப்ட் 2017ஆம் ஆண்டு நிறுத்திவிட்டது. இன்று ஷாட்கட், கேடென்லைவ் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. டாவின்சி ரிசால்வ் மென்பொருளுக்கும் இலவசப் பதிப்பு உண்டு, ஆனால் அதற்கு சற்று வலுவான கம்ப்யூட்டர் வேண்டும். புதியவர்கள் ஷாட்கட்டில் தொடங்கலாம்.

புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. எடிட் செய்து சேமிக்கும் புராஜக்ட் பைலுக்குள் வீடியோ இருக்காது. "இந்த போல்டரில் உள்ள இந்த பைலில், இத்தனையாவது நொடி முதல் இத்தனையாவது நொடி வரை" என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். அது சமையல் குறிப்பு என்றால், வீடியோ பைல்கள்தான் அரிசியும் பருப்பும். எடிட்டிங் தொடங்கிய பிறகு பைலின் பெயரையோ இடத்தையோ மாற்றினால், மென்பொருள் "பைலைக் காணோம்" என்று சொல்லும். அப்போது பயப்படாதீர்கள். பைல் இருக்கும் புதிய இடத்தைக் காட்டினால் போதும்.

கம்ப்யூட்டர் திணறினால் "பிராக்ஸி" வசதியைப் பயன்படுத்துங்கள். மென்பொருள் ஒவ்வொரு வீடியோவுக்கும் சிறிய நகல் ஒன்றை உருவாக்கும். நீங்கள் நகலில் வேலை செய்வீர்கள், இறுதிப் படம் மூல பைலிலிருந்து உருவாகும்.

5. ஒலியை மறக்காதீர்கள்

குடும்பக் கதைக்கு ஒலிதான் உயிர். மழை, வயலில் தாயின் குரல், தூரத்துப் பறவை இவையெல்லாம் தெளிவாகக் கேட்டால்தான் ஊர் கண்ணில் நிற்கும். தனி ரெக்கார்டரில் பதிவு செய்தால், தொடக்கத்தில் ஒரு முறை கைதட்டுங்கள். கேமரா ஒலியிலும் ரெக்கார்டர் ஒலியிலும் அந்த இடம் கூர்மையாக எழும்பித் தெரியும். இரண்டையும் நேராக வைத்தால் உதடும் பேச்சும் பொருந்தும்.

6. வெட்டுவது எப்படி?

முதலில் எல்லாவற்றையும் பாருங்கள். பிடித்த இடங்களை மட்டும் டைம்லைனில் வரிசையாக வையுங்கள். பிறகு குறையுங்கள். 87 நிமிடப் படத்தில், நொடிக்கு 24 என்றால், 1,25,280 பிரேம்கள் உண்டு. அதில் ஒவ்வொன்றும் ஏன் இருக்கிறது என்று கேட்பதுதான் எடிட்டிங். ஆனால் தாய் சும்மா உட்கார்ந்து வானத்தைப் பார்க்கும் காட்சியை "ஒன்றும் நடக்கவில்லை" என்று அவசரமாக வெட்டிவிடாதீர்கள். இப்படிப்பட்ட படங்களில் பல நேரம் அதுதான் கதை.

பயிற்சி

இந்த வாரம் உங்கள் வீட்டில் ஒரு காலைப்பொழுதை 20 நிமிடம் படம் பிடியுங்கள். அம்மா கோலம் போடுவது, பால் பொங்குவது, குழந்தை பள்ளிக்குக் கிளம்புவது எதுவானாலும் சரி. போல்டருக்குத் தேதியிட்டுப் பெயர் வையுங்கள், இரண்டு பிரதி எடுங்கள், 3 நிமிடமாகச் சுருக்குங்கள். படம் சுமாராக வந்தாலும் கவலை வேண்டாம். அந்த 20 நிமிடத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள். பத்து வருடம் கழித்து வீட்டில் எல்லோரும் தேடிப் பார்க்கப் போவது அதைத்தான்.