தூண்டிலும் கணக்கேடும்

நுழையும்முன்

மீன்பிடித்தல் பசிதீர்க்கும் தொழில். சிலர்க்கு அது பொழுதுபோக்கு. பிடித்த மீனை உயிருடன் ஆற்றிலேயே விடுவோரும் உளர். அவர்கள் எழுதிவைத்த குறிப்புகள், அழிவின் விளிம்பில் நிற்கும் காவிரி மீன் ஒன்றின் நிலையை உணர்த்தின.

ஆற்றின் பெருமீன்

கொங்குநாட்டுக்குக் கடற்கரை இல்லை, ஆற்றங்கரைகள் உண்டு. உடுமலைப்பேட்டைக்கு அருகிலுள்ள அமராவதி அணைக்கு வரும் பாம்பாறும், பவானிசாகர் அணையில் கலக்கும் மாயாறும் காடுகளினூடே ஓடிவருபவை. காவிரிப் படுகைக்கே உரிய திமில் மகசீர் இவ்வாறுகளில் வாழ்கிறது. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மீன் 50 கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. 1946இல் காவிரியின் துணையாறான கபினியில் தூண்டிலில் பிடிபட்ட மகசீர் ஒன்றின் எடை 120 பவுண்டு.

பிடித்து விடும் முறை

பொறுப்புள்ள தூண்டிற்காரர், எளிதில் கழற்றுவதற்காக எதிர்முள் இல்லாத கொக்கியைப் பயன்படுத்துவார். மீனை நீரிலேயே வைத்து, ஈரக்கையால் மட்டுமே தொடுவார். உலர்ந்த கை, மீனைக் காக்கும் வழுவழுப்பான மேற்பூச்சைச் சிதைத்துவிடும். களைத்த மீனின் தலையை நீரோட்டத்திற்கு எதிராகப் பிடித்து, அது தானே நீந்தும்வரை காத்திருப்பார். காப்புக்காடுகளில் தடையை மதித்துத் தூண்டிலையே எடுக்கமாட்டார்.

கணக்கேடு சொன்ன உண்மை

கருநாடகத்தின் காவிரிக்கரை முகாம் ஒன்றில், 1998 முதல் 2012 வரை பிடித்துவிடப்பட்ட ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மகசீர்களின் விவரங்கள் பதிவாயின. அவற்றை ஆராய்ந்தபோது, பிடிபட்ட மீன்களின் மொத்த எண்ணிக்கை பெருகியிருந்தது. திமில் மகசீரோ அருகிப்போயிருந்தது. பெருகியது, 1970களில் நன்னோக்கத்துடன் வெளியிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர். அந்த அயலினத்தின் வரவைத் திமில் மகசீரின் வீழ்ச்சிக்குரிய காரணங்களுள் முக்கியமானதாக ஆய்வாளர் கருதுகின்றனர். அணைகளும் மணற்கொள்ளையும் வெடிவைத்து மீன்பிடித்தலும் ஏனைய இடர்கள்.

மொத்தக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் ஆறு செழிப்பதாகவே தோன்றியிருக்கும். இனம் பிரித்து எழுதிய குறிப்பே இழப்பைக் காட்டியது. மீனை விடுவித்தல் இரக்கம். அதனை அறிந்து பதிதல் பொறுப்பு. எந்த ஆற்றுக்கு எந்த மீன் உரியது என அறியாத அன்பும் தீங்காகலாம்.

தெரிந்து தெளிவோம்

திமில் மகசீரின் அறிவியற்பெயர் டோர் ரெமாதேவியே. பாம்பாற்று மீன்களைக்கொண்டு 2007இல் இப்பெயர் சூட்டப்பட்டது. காவிரியின் திமில் மகசீரும் அதே இனமே என்பது, மாயாற்று மீன்களை ஆராய்ந்து 2018இல் உறுதிசெய்யப்பட்டது. அவ்வாண்டே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை மிக அருகிய இனமாக அறிவித்தது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர் நீர்நிலையில் முன்பு வாழ்ந்த மீன்களின் பெயர்களை முதியோரிடம் கேட்டு, இன்று கிடைப்பனவற்றுடன் ஒப்பிட்டுப் பட்டியலிடுக.