எதிர் நோட்டீஸ் அனுப்பலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. அறுபது, எழுபதுகளில் வந்த ராக் இசைத்தட்டுகளை வெகுகாலமாகச் சேர்த்து வருகிறேன். அவற்றைக் கணினியில் ஏற்றி, முழு ஆல்பமாக என் வீடியோ சேனலில் போட்டேன். ஒரு ரூபாய்கூட வருமானம் இல்லை. பதிப்புரிமைப் புகார் என்று இரண்டு முறை மெயில் வந்து, இரண்டு ஆல்பங்களை நீக்கினார்கள், விட்டுவிட்டேன். இப்போது பீட்டில்ஸின் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ மீது மூன்றாவது புகார். சேனலையே மூடிவிடுவார்களாம். அது 1963-ல் வந்த ஆல்பம். 60 வருடம் முடிந்துவிட்டதே, எதிர் நோட்டீஸ் அனுப்பலாமா?
- வாசகர், கோவை

பதில்: அனுப்பாதீர்கள். உங்கள் கணக்கில் பாதிதான் சரி.

ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் என்கிறது பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 27-வது பிரிவு. அந்த வகையில் இந்தியாவில் 1963-ம் ஆண்டுப் பதிவின் உரிமை 2023 டிசம்பரோடு முடிந்தது. ஆனால் பாடல் வரிக்கும் மெட்டுக்கும் தனி உரிமை உண்டு. அது ஆசிரியர் காலமான பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் கடைசியாகக் காலமாகிறவரை வைத்துக் கணக்கு. அந்த ஆல்பத்தின் 14 பாடல்களில் எட்டு, லெனனும் மெக்கார்ட்னியும் எழுதியவை. மெக்கார்ட்னி இன்னும் நம்மோடு இருக்கிறார்! போதாததற்கு, உங்கள் சேனல் இருப்பது அமெரிக்கத் தளத்தில். அந்நாட்டின் 2018-ம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் காலப் பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி வரை பாதுகாப்பு உண்டு.

எதிர் நோட்டீஸ் படிவத்தைப் படித்துப் பார்த்தீர்களா? ‘தவறுதலாக நீக்கிவிட்டார்கள்’ என்று உறுதிமொழி தர வேண்டும், பொய்யானால் தண்டனை. அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகார வரம்புக்கு உட்படச் சம்மதம் என்றும் எழுத வேண்டும். உங்கள் பெயரும் முகவரியும் புகார்தாரர் கைக்குப் போகும்.

வருமானம் இல்லை என்பது தற்காப்பு ஆகாது. இங்கே 63-வது பிரிவின் கீழ் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். லாப நோக்கம் இல்லை என்றால் நீதிமன்றம் காரணம் எழுதித் தண்டனையைக் குறைக்கலாம், அவ்வளவுதான். இந்தக் குற்றம் ஜாமீனில் விட முடியாதது என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இனி உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டும். முதல் இரண்டு மெயில்களையும் ‘டெலிட் பண்ணிட்டேன்’ என்று சாவகாசமாக எழுதியிருக்கிறீர்கள். புகார் தந்தது யார், பதிவின் மீதா பாட்டின் மீதா, கடைசித் தேதி என்ன என்பதெல்லாம் அவற்றில்தானே இருந்திருக்கும்? முதல் மெயில் வந்த அன்றே புகார்தாரருக்குப் பணிவாக எழுதி, புகாரைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்டிருக்கலாம். அதை விட்டு, இசைத்தட்டு வாங்கிய பில்களை நகலெடுத்துக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறீர்கள்! பில் தட்டுக்குத்தான் ஐயா. பாட்டை ஊருக்குப் பரப்ப அது அனுமதிச் சீட்டு அல்ல. அந்த அனுமதி எழுத்தில் வேண்டும், உரிமையாளரிடமிருந்து வேண்டும். உங்களிடம் அது ஒன்றுக்குக்கூட இல்லை.

மெயிலின் குப்பைத்தொட்டியில் அந்த இரண்டு மெயில்களும் இன்னும் கிடக்கின்றனவா என்று பாருங்கள். மற்ற ஆல்பங்களைப் பொதுப்பார்வையிலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பிங்க் ஃப்ளாய்டின் 1973-ம் ஆண்டு ஆல்பமும் உங்கள் சேனலின் பட்டியலில் இருக்கிறது. அதன் பதிவுக்கு இந்தியாவிலேயே 2033 முடியும்வரை உரிமை உண்டு. வீட்டில் நீங்கள் கேட்பதற்காக வைத்திருக்கும் பிரதி வேறு விஷயம், அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் உள்ளதை மட்டும் வைத்து எழுதிய பதில் இது. அறிவுசார் சொத்துரிமை வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரை, மூன்றாவது மெயிலின் அச்சுப் பிரதியோடு நேரில் பாருங்கள். அதுவரை அந்தப் படிவத்தில் எதையும் நிரப்ப வேண்டாம்.